ஷோடோகானா, கோஜு ரியூவா?

இரண்டு கராத்தே பாணிகளுக்கும் வேர் ஒகினாவா தீவுதான், ஊர்தான் வேறு. ஷோடோகானை உருவாக்கிய ஃபுனாகோஷி கிச்சின் ஷுரியில் பிறந்தவர்; 1922இல் டோக்கியோவில் கராத்தேயைச் செய்துகாட்டப் போய் அங்கேயே தங்கிவிட்டார். கோஜு ரியூவை உருவாக்கிய மியாகி சோஜுன் நாஹாக்காரர்.

ஷோடோகானில் நிலைகள் நீளமாக, தாழ்வாக இருக்கும். தூரத்திலிருந்து பாய்ந்து அடிப்பதே அதன் அழகு. தொடக்கத்தில் ஹெய்யான் என்ற ஐந்து கட்டாக்கள், அதாவது தனியாகச் செய்யும் வரிசைப்படுத்திய அசைவுத் தொகுப்புகள். இவற்றை அமைத்தவர் ஃபுனாகோஷியின் ஆசிரியர் இதோசு அங்கோ. ஃபுனாகோஷி 'பின்னான்' என்ற பழைய பெயரோடு முதல் இரண்டின் வரிசையையும் மாற்றிவிட்டார். வேறு பாணியிலிருந்து வருபவர் இங்கே கொஞ்சம் குழம்பத்தான் செய்வார்.

கோஜு ரியூவின் உயிர் சான்சின் கட்டா. பார்த்தால் ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும்: குறுகிய நிலை, மெதுவான சில அடிகள், சத்தமாக இழுத்துவிடும் மூச்சு. செய்துபாருங்கள், தொடை நடுங்கும். உடல் சரியாக இறுகியிருக்கிறதா என்று ஆசிரியர் தோளிலும் தொடையிலும் தட்டிச் சோதிப்பார்; இதுதான் ஷிமே. அப்புறம் பழைய ஒகினாவா உபகரணங்கள்: கைப்பிடி செருகிய கல் எடையான சி இஷி, விரல்களால் வாயைப் பற்றித் தூக்கி நடக்கும் நிகிரி காமே ஜாடி.

கியு (கறுப்புப் பட்டைக்கு முந்தையவை), டான் (கறுப்புப் பட்டையிலிருந்து) படிநிலைகளும் ஆசிரியரை சென்செய் என்று அழைப்பதும் இரண்டிலும் ஒன்றுதான்.

வேகமும் வீச்சும் பிடித்தால் ஷோடோகான் போங்கள். முழங்கால் தாழ்ந்த நிலைகளுக்கு ஒத்துழைக்காது என்றால், நெருங்கி நின்று மோதுவது பிடிக்கும் என்றால், நான் கோஜு ரியூ பக்கம்தான் சொல்வேன்.