முற்றுகை ஆட்டம்: நல்ல ஆட்டம், மோசமான மடிப்பு

ஜெர்மனியின் பழம்பொருள் சந்தைகளை விடாமல் சுற்றி வரும் நண்பர் ஒருவர், பழைய முற்றுகை ஆட்டப் பலகை ஒன்றின் விலையை விற்பவர் பாதியாகக் குறைத்துவிட்டதாகவும், அதே வகைப் பலகையில் நான் நெடுநாளாக ஆடி வருவதால் வாங்கலாமா வேண்டாமா என்பதை நான்தான் சொல்ல வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். ஒரு வரியில் பதில் எழுத முயன்றேன், முடியவில்லை. இந்த ஆட்டத்தின் மீது எனக்கு உள்ள மதிப்பு வேறு, நான் ஆடும் பலகையின் மீது உள்ள கோபம் வேறு. இரண்டையும் தனித்தனியாகச் சொன்னால்தான் நியாயம்.

செக்கர்ஸ் ஆடியவர்களுக்கு இதன் அடிப்படை புதிதல்ல. பக்கத்துப் புள்ளியில் நிற்கும் எதிரிக் காயைத் தாண்டி, அதற்கு அப்பால் காலியாக உள்ள புள்ளியில் இறங்கினால், தாண்டப்பட்ட காய் வெட்டுப்படும். வேறுபாடு படைபலத்தில்தான் இருக்கிறது. செக்கர்ஸில் ஆளுக்குப் பன்னிரண்டு காய்கள். இங்கே ஒருவருக்கு 24 சிப்பாய்கள், மற்றவருக்கு இரண்டே அதிகாரிகள். மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் மோதும் நம் ஆடு புலி ஆட்டத்தை அறிந்தவர்கள் இதை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். ஐரோப்பாவில் நரியும் வாத்துகளும் என்று வழங்கிய பழைய ஆட்டம் உண்டு. அந்தச் சிலுவை வடிவப் பலகையின் ஒரு கையில் கோட்டையை வரைந்து, நரிக்குப் பதிலாக அதிகாரிகளையும் வாத்துகளுக்குப் பதிலாகப் படையாட்களையும் நிறுத்தியபோது முற்றுகை ஆட்டம் உருவாயிற்று. ஜெர்மனியில் இதற்குப் பெலாகெருங்ஸ்ஷ்பீல் என்று பெயர்; வேறு இடங்களில் அசால்ட்டோ என்பார்கள். 19ஆம் நூற்றாண்டு முழுவதும் ஐரோப்பிய வீடுகளில் ஆடப்பட்டது.

என்னிடம் இருப்பது இரண்டாக மடித்து வைக்கும் அட்டைப் பலகை. கோபுரமும் கொடியுமாகக் கல்லச்சில் அச்சிட்ட கோட்டை, ஓரங்களில் கூர்முனை வைத்த தலைக்கவசம் அணிந்த வீரர்கள், பழைய ஜெர்மன் எழுத்தில் ஒரு விதித்தாள், கடைசல் பிடித்த மரக்காய்கள். ஜெர்மானியப் படை 1916இல் எஃகுத் தலைக்கவசத்துக்கு மாறத் தொடங்கியது என்பதால், படமாவது அதற்கு முந்தைய காலத்துப் படைவீரரை மனத்தில் வைத்து வரையப்பட்டது என்று கொள்ளலாம். நிறங்கள் இன்னும் மங்கவில்லை. அச்சிட்டவர்களின் கைத்திறனைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது.

பலகையில் மொத்தம் 33 புள்ளிகள். ஒரு கையில் உள்ள ஆறும் அதை ஒட்டிய மூன்றும் சேர்ந்து, மூன்றுக்கு மூன்றாக ஒன்பது புள்ளிகள் கோட்டை. மீதமுள்ள 24 புள்ளிகளையும் 24 சிப்பாய்கள் ஒன்று விடாமல் நிரப்புகிறார்கள். ஆட்டம் தொடங்கும்போது கோட்டைக்கு வெளியே ஓர் இடம்கூடக் காலியில்லை. இரண்டு அதிகாரிகளையும் கோட்டைக்குள் விரும்பிய புள்ளிகளில் வைத்துக்கொள்ளலாம். சிப்பாய்தான் முதலில் நகர்கிறான். அவன் கோட்டையை நோக்கி மட்டுமே, கோட்டின் வழியே ஒரு புள்ளி போகலாம். பின்வாங்க முடியாது, வெட்டவும் முடியாது. அதிகாரி எந்தத் திசையிலும் ஒரு புள்ளி நகரலாம், வெட்டலாம், வாய்த்தால் தொடர்ந்து பல காய்களை வெட்டலாம். கோட்டையின் ஒன்பது புள்ளிகளையும் சிப்பாய்கள் நிரப்பினாலோ, அதிகாரிகள் இருவரும் நகர வழியின்றிக் கட்டுப்பட்டாலோ சிப்பாய்களுக்கு வெற்றி. ஒன்பதுக்கும் குறைவான சிப்பாய்களே எஞ்சினால் கோட்டையை நிரப்ப ஆள் இல்லை, வெற்றி அதிகாரிகளுடையது. ஆக, பதினைந்து பேரை இழந்த பிறகும் சிப்பாய்ப் படைக்கு நம்பிக்கை இருக்கிறது.

பக்கவாட்டு நகர்வைப் பற்றி விதித்தாள்கள் ஒன்றுக்கொன்று முரண்படும். எங்கு வேண்டுமானாலும் பக்கவாட்டில் போகலாம் என்று சில சொல்லும். சிலுவையின் இடவலக் கைகளில், முன்னால் கோடே இல்லாத இடங்களில் நிற்பவர்களுக்கு மட்டும் அந்த உரிமை என்று வேறு சில சொல்லும். நான் இரண்டாவதையே பின்பற்றுகிறேன். கைகளில் நிற்பவர்களுக்கு அந்த வழியும் இல்லாவிட்டால் அவர்கள் கடைசிவரை நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

இந்த ஆட்டத்தை ஆட்டமாக்குவது ஒரே ஒரு விதி: வெட்ட வாய்ப்பு இருந்தும் வெட்டாமல் விட்ட அதிகாரியை எதிராளி பலகையிலிருந்து எடுத்துவிடலாம். பழைய செக்கர்ஸிலும் இந்தத் தண்டனை இருந்தது. அங்கே பன்னிரண்டில் ஒன்று போகும், இங்கே இரண்டில் ஒன்று போகிறது. அந்த ஒரு விதியால் சிப்பாயின் பலவீனம் அப்படியே ஆயுதமாக மாறிவிடுகிறது. வெட்டத் தெரியாதவன், திரும்பி ஓட முடியாதவன் தன்னை வெட்டக் கொடுத்தே அதிகாரியை நடத்துகிறான். அதிகாரி வெட்டியே ஆக வேண்டும் என்பதால், அடுத்து அவர் எந்தப் புள்ளியில் போய் நிற்பார் என்பதைச் சிப்பாய் ஆடுபவரே முடிவு செய்கிறார். ஒரு பக்கம் ஒரு காயைப் பலி கொடுத்து அதிகாரியைக் கோட்டைக்கு வெளியே இழுத்துவிட்டு, மறுபக்கம் இரண்டு பேரை உள்ளே அனுப்புவது இந்த ஆட்டம் தரும் பெரிய இன்பம். ஆடு புலி ஆட்டத்தில் புலியைக் கட்டப் பொறுமை வேண்டும். இங்கே அதைவிடத் துணிச்சல் வேண்டும்.

புதிதாக ஆட வருபவர்கள் பெரும்பாலும் நடுவில் நிற்கும் சிப்பாயை நேராக உள்ளே தள்ளுவார்கள். தள்ளிய கணமே அவன் விட்டு வந்த புள்ளி காலியாகிறது. கோட்டையின் மையத்தில் நிற்கும் அதிகாரி அவனைத் தாண்டி அங்கே இறங்கிவிடுகிறார். கோட்டையை ஒட்டிய கைகளில் ஒன்றிலிருந்து ஒருவனைப் பக்கவாட்டில் நுழைத்தால் அப்படி நேராது. அவனுக்குக் கீழேயும் மூலைவிட்டத்திலும் இன்னும் ஆட்கள் நிற்பதால் மையத்து அதிகாரிக்குத் தாண்டி இறங்க இடமில்லை. அடுத்த நகர்வில் அதே வரிசையில் அவனுக்குப் பின்னால் கையின் ஓரத்தில் நிற்பவன் பக்கவாட்டில் நகர்ந்து, அவன் விட்டு வந்த ஓட்டையையும் அடைத்துவிடுவான். இதை என் மகள் தானாகக் கண்டுபிடித்த நாளிலிருந்து அவளோடு அதிகாரியாக ஆடுவது கடினமாகிவிட்டது. செக்கர்ஸில் இருவரும் பிழையின்றி ஆடினால் ஆட்டம் சமனில்தான் முடியும் என்று கணினி அறிவியலாளர் ஜொனாதன் ஷாஃபரின் குழு 2007இல் கணினி கொண்டு நிறுவியது. சமபலம் உள்ளவர்கள் மோதும் ஆட்டத்தில் அந்த வறட்சி இருக்கத்தான் செய்யும். பலம் சமமில்லாத இந்த மோதலில், பக்கம் மாற்றி இரண்டு முறை ஆடினால் இரண்டு வேறு ஆட்டங்களை ஆடியதாகவே எனக்குத் தோன்றுகிறது.

இனி கோபத்துக்கு வருகிறேன். பலகையில் ஏழு வரிசைகள். இரண்டாக மடிக்க வேண்டுமென்றால் மடிப்பு நான்காம் வரிசையில்தான் விழும். என் பலகையில் அங்கேதான் விழுந்திருக்கிறது. மேலிருந்து மூன்று வரிசைகள் கோட்டையைக் கொண்டவை என்பதால், நான்காம் வரிசை என்பது கோட்டை வாசலுக்கு நேர் வெளியே உள்ள வரிசை. சிப்பாய்கள் அங்கிருந்துதான் உள்ளே பாய்கிறார்கள். கோட்டையின் மையத்தில் நிற்கும் அதிகாரி முன்னோக்கி வெட்டக்கூடிய கோடுகள் மூன்று: ஒன்று நேராக, இரண்டு மூலைவிட்டமாக. மூன்றும் போய் முடிவது அதே நான்காம் வரிசையில். அந்த வரிசையில் ஒரு புள்ளி காலியா இல்லையா என்பதைப் பொறுத்தே வெட்டு உண்டா இல்லையா என்பதும், வெட்டாத அதிகாரி பலகையில் இருப்பாரா போவாரா என்பதும் தீர்மானமாகின்றன. அப்படிப்பட்ட வரிசையில் ஒரு காய்கூட நேராக நிற்பதில்லை.

காய்களின் அடிப்பாகம் தட்டையாகவும் குறுகலாகவும் இருக்கிறது. மடிப்பின் மேல் வைத்தால் ஒரு பக்கமாகச் சாய்கிறது. மேசையில் யாராவது முழங்கையை ஊன்றினால் மெல்ல நழுவி நான்காம் வரிசைக்கும் ஐந்தாம் வரிசைக்கும் நடுவில் போய் நிற்கிறது. போதாக்குறைக்கு, நெடுங்கால மடிப்பில் மேல்தாள் விரிந்து, அந்த ஏழு புள்ளிகளின் அச்சு வட்டங்களும் பாதி அழிந்துவிட்டன. அதிகாரியாக ஆடுபவர் புள்ளி நிரம்பியிருக்கிறது என்று நினைத்து வேறு காயை நகர்த்துகிறார். சிப்பாய் ஆடுபவர் அது காலியாகத்தான் இருந்தது, நீங்கள் வெட்டவில்லை என்று சொல்லி அதிகாரியை எடுக்கிறார். இருவர் சொல்வதும் உண்மை. என் வீட்டில் இந்தப் பலகையின் மீது நடந்த சண்டைகளில் பெரும்பாலானவை இந்த மடிப்பால் வந்தவை; அமைதியான அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் பாதி ஆட்டத்தில் எழுந்து போனதும் இதனால்தான். காய்களின் அடியில் கம்பளித் துணி ஒட்டிப் பார்த்தேன். சாய்வது குறைந்தது, நழுவுவது குறையவில்லை.

அண்மையில் மடிப்பு முழுவதுமாகக் கிழிந்துபோகும் நிலைக்கு வந்ததால் பலகையை ஒரு பைண்டிங் கடையில் கொடுத்தேன். பின்புறத்தில் மெல்லிய துணி ஒட்டுங்கள், விரித்தால் தட்டையாகக் கிடக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியிருந்தேன். கனமான காலிகோவை இரண்டு அடுக்காக ஒட்டித் தந்திருக்கிறார்கள். முன்பு பள்ளமாக இருந்த மடிப்பு இப்போது மேடாகிவிட்டது. முன்பு உள்நோக்கிச் சாய்ந்த காய்கள் இப்போது இரு பக்கமும் வெளிநோக்கிச் சாய்கின்றன. கேட்டதற்கு, திறந்து மூடும் பொருளுக்கு உறுதிதான் முக்கியம் என்று பதில் வந்தது. அவர்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும்: ஒட்டு வேலை சுத்தமாக இருக்கிறது, ஓரங்களில் பசை வழியவில்லை, இனி என் ஆயுளில் அந்த இடம் கிழியாது. ஆனால் புத்தகத்தை மடியில் வைத்துப் படிக்கலாம். இந்தப் பலகை மேசையில் தட்டையாகக் கிடந்தாக வேண்டும். வேலை கொடுத்தவர் சொன்னதைச் செய்யாத கைத்திறனைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை.

பலகையின் படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் நண்பர் குழந்தைகளோடு ஆடத்தான் கேட்கிறார். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் இந்த வகை ஆட்டம் ஆபீசர்ஸ் அண்ட் சிப்பாய்ஸ் என்ற பெயரிலும் வழங்கியது. 1857 எழுச்சியின் நினைவைச் சுமக்கும் பெயர் அது. அந்த ஆண்டு ஜூன் இறுதியிலிருந்து நவம்பர் வரை லக்னோவில் ரெசிடென்சி எனப்பட்ட பிரிட்டிஷ் பிரதிநிதியின் வளாகத்துக்குள் பிரிட்டிஷார் அடைபட்டுக் கிடந்தார்கள். சிறிய காவற்படை உள்ளே, பெருங்கூட்டம் வெளியே என்ற பலகையின் அமைப்பு அதற்கு அப்படியே பொருந்துகிறது. ஆனால் அதே ஆண்டு டெல்லியில் நகருக்குள் இருந்தவர்கள் சிப்பாய்கள், ஜூன் முதல் செப்டம்பர் வரை வெளியே முற்றுகையிட்டவர்கள் பிரிட்டிஷார். பலகைக்குள் வந்தது முதல் காட்சி மட்டுமே. அதிகாரிக்கு எல்லாத் திசையும் திறந்திருக்க, சிப்பாய்க்கு முன்னால் போய்ச் சாகும் ஒரு வழி மட்டும் விடப்பட்டிருப்பதையும் நான் சும்மா கடந்து போக மாட்டேன். என் மகளுக்கு இதைச் சொல்லித்தான் ஆடக் கற்றுக்கொடுத்தேன். அவள் இன்றுவரை சிப்பாய்ப் பக்கத்தையே கேட்டு வாங்குகிறாள், பெரும்பாலும் வெல்கிறாள்.

இவ்வளவு சொன்ன பிறகு என் தீர்ப்பு: வாங்க வேண்டாம். இருவர் ஆடும் பழைய ஆட்டங்களில் இதைவிடக் கூர்மையானவை மிகச் சிலவே என்று நம்புகிறேன். அப்படியிருந்தும் சொல்கிறேன், வாங்க வேண்டாம். நேர்த்தியான அச்சுக்காக ஒருவர் பணம் கொடுக்கலாம், ஆட்டத்துக்காகக் கொடுக்கத் தேவையில்லை. ஒரு கெட்டியான ஒட்டுப்பலகையில் 33 புள்ளிகளையும் கோடுகளையும் அளந்து வரைந்து, ஒரு நிறத்தில் 24 பொத்தான்களும் வேறு நிறத்தில் இரண்டும் வைத்தால், என் வீட்டில் நடப்பதைவிட நல்ல ஆட்டம் அங்கே நடக்கும். கோடு வரையும்போது மூலைவிட்டக் கோடுகள் எல்லாப் புள்ளிகளிலிருந்தும் கிளம்புவதில்லை என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். பலகையின் நடுப்புள்ளியில் தொடங்கி, ஒன்று விட்டு ஒன்றாகவே அவை வரும்.

என்னுடையதை விற்பேனா என்றும் நண்பர் கேட்டிருந்தார். விற்க மாட்டேன். மேட்டின் மேல் வைத்து அழுத்தக் கனமான கண்ணாடித் தகடு ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன். அது வந்தால் இந்தக் கட்டுரையின் பாதிக் கோபம் தேவையற்றதாகலாம். அதற்குள் அவர் அந்தச் சந்தைக்குப் போய்விட்டால், விலையைப் பேசுவதற்கு முன் பலகையை விரித்து, நான்காம் வரிசையில் ஏழு காய்களையும் நிறுத்திப் பார்க்கட்டும். ஒன்று சாய்ந்தாலும் வாங்காமல் வந்துவிடட்டும்.