வர்க்கலா: குன்றின் மேலா, ஓடயத்திலா?

2016 டிசம்பரில் நானும் மனைவியும் முதல் தடவை கேரளக் கடற்கரை ஊரான வர்க்கலாவுக்குப் போனபோது வடக்குக் குன்றின் விளிம்பில் ஒரு அறை எடுத்தோம். கதவைத் திறந்தால் நடைபாதை, அதைத் தாண்டினால் சிவப்புச் செம்பாறை செங்குத்தாக இறங்கும், கீழே கடல். அந்த ஊர் அப்படியே மனதில் ஒட்டிக்கொண்டது. அதனால் போன ஜனவரியில் மறுபடி போகலாம் என்றதும் யோசிக்காமல் அதே குன்றில்தான் அறை போட்டேன். இந்தத் தடவை ஏழு வயது மகளும், மூட்டு வலியோடு அம்மாவும் கூட வந்தார்கள். இரண்டு இரவு மேலே இருந்துவிட்டு, மூன்றாம் நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வடக்கே ஓடயம் கடற்கரைக்கு மாறினோம். ஒரே பயணத்தில் இரண்டையும் பார்த்துவிட்டதால் இதை எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இப்போது ஓடயம் கட்சி.

போய்ச் சேர்வதில் வித்தியாசம் எதுவும் இல்லை. மதுரையில் இரவு புனலூர் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் வர்க்கலா சிவகிரி ஸ்டேஷன், அங்கிருந்து ஆட்டோ. சாப்பாட்டில் குன்றுதான் ஜெயிக்கும். மாலையில் ஹோட்டல் வாசல்களில் ஐஸ் மேல் மீனை அடுக்கிவைத்துக் கூப்பிடுவார்கள், காட்டுகிற மீனைச் சமைத்துத் தருவார்கள். திபெத்திய மோமோ முதல் மசால் தோசை வரை கிடைக்கும். ஓடயத்தில் கடைகள் குறைவு, எட்டரை மணிக்கே தெரு அடங்கிவிடும். வாடகை, எங்கள் அனுபவத்தில், விளிம்பில் இருந்த அறைக்கு ஓடயத்து அறையைவிட ஒன்றரை மடங்கு.

காட்சி? குன்றின் அழகைக் குறை சொல்ல மனம் வராது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. 2025இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் வர்க்கலா சேர்ந்தது. மேலே செம்பாறை, அதற்கடியில் மணற்கல்லும் களிமண்ணும் அடுக்கடுக்காக இருக்கும். பாறை முகத்தில் அங்கங்கே ஊற்று கசியும். அந்தக் கசிவும் மழையும் சேர்ந்து விளிம்பை அரிக்கின்றன. எட்டு வருடத்தில் கடைகள் இன்னும் விளிம்புக்கு நெருங்கி வந்துவிட்டதாக எனக்குப் பட்டது. மகளின் கையை விடவே முடியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். படிகள்.

குன்றில் தங்கினால் கடல் எப்போதும் கண்ணெதிரே இருக்கும், ஆனால் காலுக்கு எட்டாது. கீழே மணலுக்குப் போக நாலைந்து இடங்களில் படி வெட்டியிருக்கிறார்கள். ஒரு படி அரை அடி, அடுத்தது முக்கால் அடி. மகள் ஒவ்வொரு தடவையும் எண்ணினாள், ஒவ்வொரு தடவையும் வேறு கணக்கு வந்தது. 2016இல் எனக்குப் படி இருந்ததே நினைவில்லை. இந்தத் தடவை நடந்ததைக் கேளுங்கள். காலை ஏழு மணிக்கு இறங்கினோம். மணலில் கால் வைத்ததும் மகளுக்குக் கழிப்பறை போகவேண்டும். ஏறினேன், இறங்கினேன். துண்டை அறையில் விட்டுவிட்டோம். மனைவி ஏறினாள், இறங்கினாள். டிபனுக்கு எல்லாரும் ஏறினோம். மாலை மறுபடி. ஈர உடையோடு, காலில் மணலோடு, தோளில் தூங்கிப்போன குழந்தையோடு ஏறும்போது அந்தப் படிகள் இரண்டு மடங்காகிவிடும்.

அம்மா முதல் படியில் கால் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாள். இரண்டு நாளும் நாற்காலி போட்டு மேலேயே உட்கார்ந்திருந்தாள். “திருச்செந்தூர்ல கோயிலை விட்டு வந்தா கடல். இங்க என்னடான்னா கடலைக் கண்ணாடிப் பெட்டியில வச்ச மாதிரி வச்சிருக்கீங்க” என்றாள். அப்பாவை நினைத்து மூன்று முழுக்குப் போடவேண்டும் என்றுதான் அவள் கிளம்பி வந்ததே.

தெரிந்தவர்கள் கேட்பார்கள், பாபநாசம் கடற்கரைக்கு ஆட்டோவிலேயே போகலாமே என்று. (நம்ம நெல்லைப் பாபநாசம் வேறு. இது ஜனார்த்தன சுவாமி கோயிலுக்குக் கீழே உள்ள கரை. கர்க்கடக வாவு அன்று, அதாவது நம் ஆடி அமாவாசைக்கு, முன்னோருக்குப் பலி (தர்ப்பணம்) போட இங்கே கூட்டம் அலைமோதும்.) போகலாம், அங்கே சாலை கடல் வரை வருகிறது. போனோம், அம்மா முழுக்கும் போட்டாள். ஆனால் சொட்டச் சொட்டத் திரும்பி ஆட்டோ பிடிக்கவேண்டும். டிரைவர் சீட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றை எடுத்துப் போட்டார். ஒரு நாளைக்குச் சரி, தினமும் முடியுமா?

ஓடயத்தில் குன்று தணிந்து கடல் மட்டத்துக்கு வந்துவிடுகிறது. எங்கள் அறையிலிருந்து தென்னைகளுக்கு நடுவே அறுபது எழுபது தப்படி, அவ்வளவுதான். முதல் நாள் அம்மா காலையில் போனாள், பத்து மணிக்குப் போனாள், மாலையில் எங்களைக் கேட்காமலேயே போய்விட்டாள். மகள் வாளியோடு நாள் முழுக்க இங்கும் அங்கும் ஓடினாள்.

முக்கியமான கணக்கு இதுதான்: கீழே தங்கிக்கொண்டு குன்றைப் பார்க்கலாம், மேலே தங்கிக்கொண்டு கடலில் இறங்குவதுதான் கஷ்டம். ஓடயத்திலிருந்து ஆட்டோவில் குன்றின் மேலுள்ள ஹெலிபேடு (ஹெலிகாப்டர் தளம்) வரை போனால் ஒரு படி ஏறாமல் விளிம்புக்கு வந்துவிடலாம். சூரியன் மறைவதைப் பார்த்து, மீன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். நடக்க முடிந்தவர்களுக்குக் கடலோரமாகவே பாதை இருக்கிறது, கறுப்பு மணல் கரையைத் தாண்டி இருபது நிமிட நடை. மேலே இருப்பவர்களுக்கு இப்படி ஒரு சுலப வழி கிடையாது.

ஓடயத்தின் குறைகளையும் சொல்லவேண்டும். பாபநாசத்தில் உயிர்காப்பாளர்கள் விசில் ஊதிக்கொண்டே இருந்தார்கள். ஓடயத்தில் நாங்கள் இருந்த மூன்று நாளும் ஒருவரையும் பார்க்கவில்லை. அலை இழுக்கும் கடல் இது, நாங்கள் முழங்கால் ஆழத்தைத் தாண்டவில்லை. இரவில் பாதை இருட்டு. நாங்கள் குடும்பமாக இருந்ததால் தெரியவில்லை, தனியாகப் போகும் பெண்களுக்கு வெளிச்சமும் நடமாட்டமும் உள்ள குன்றே நிம்மதியாக இருக்கலாம். நான் இரண்டு தடவையும் மழை இல்லாத மாதங்களில்தான் போனேன். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கடல் மணலை அள்ளிக்கொண்டு போய்விடும், அப்போது என் கணக்கு செல்லாது. இளம் ஜோடிகளும் நண்பர் கூட்டமும் குன்றுக்கே போகட்டும். 2016இல் என்னிடம் யாராவது ஓடயம் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

எங்கே போட்டாலும் அறை போடும்போது கடல் எவ்வளவு தூரம் என்று கேட்காதீர்கள். குன்றின் உச்சியிலிருந்தும் “ரெண்டு மினிட் சார்” என்றுதான் பதில் வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. மணல் வரைக்கும் எத்தனை படி என்று கேளுங்கள்.

அடுத்த ஜனவரிக்கும் ஓடயத்திலேயே சொல்லிவைத்தாயிற்று. கடைசி ஒரு ராத்திரி மட்டும் மேலே அந்தப் பழைய அறையில் தங்கலாமா என்று மனைவி கேட்கிறாள். நீங்கள் ரெண்டு பேரும் போங்கள், பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள் அம்மா.