டம்ளரில் கம்பி விட்டுக் காட்டினால் நம்பிவிடாதீர்கள்

எங்கள் குடியிருப்பில் நாற்பது வீடுகூட இல்லை. எல்லோருக்கும் ஒரே ஆழ்துளைக் கிணறு, ஒரே மேல்நிலைத் தொட்டி. குளோரின் போட்டுப் பல வருடமாகக் குடித்துவந்த தண்ணீர். வாடைதான் பிடிக்காது.

போன வருடம் ஒருவர் ஆர்ஓ இயந்திரம் (தண்ணீரில் கரைந்த உப்பை வடிகட்டி எடுப்பது) விற்கப் பெட்டியோடு வந்தார். ஒரு கண்ணாடி டம்ளரில் எங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை இறக்கிக் கரண்டைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் எங்கள் டம்ளர் நுரைத்து, பச்சையும் பழுப்புமாகி, சகதி மாதிரி திரண்டுவிட்டது. அவருடையது பளிச்சென்று அப்படியே இருந்தது. "இதைத்தான் பிள்ளைங்களுக்குக் கொடுக்கறீங்க" என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா மட்டும், "தம்பி, கம்பி ஏன் அரிச்சுப்போயிருக்கு?" என்று கேட்டார். நாங்கள்தான் அவரைச் சும்மா இருக்கச் சொன்னோம். நானும்தான் சொன்னேன். இன்றைக்கும் அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

ஏனென்றால் விஷயமே அதுதான். அந்தச் சகதி கம்பியின் இரும்பு கரைந்து வந்தது. தண்ணீரில் உப்புகள் இருந்தால் மின்சாரம் பாயும், கம்பி கரையும். ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, அதனால் ஒன்றும் நடக்காது.

அடுத்து டிடிஎஸ் மீட்டர். லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும். எங்களுடையது 480, அவருடையது 30. அதுவும் மின்கடத்தலை வைத்து உப்பைக் கணக்கிடுகிற கருவிதான், கிருமி இருப்பது அதற்குத் தெரியாது. 600-க்குள் இருந்தால் குடிக்க ருசியாகவே இருக்கும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இதெல்லாம் பணம் கட்டிய பிறகு படித்தது.

ஆளுக்கு இவ்வளவு என்று போட்டுப் பொது இயந்திரம் வாங்கினோம். மூன்றே மாதத்தில் வீட்டுக்கு வீடு குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. விற்றவரைக் கூப்பிட்டுக் கேட்டால், "மீட்டர்ல 30தானே சார் காட்டுது?" அவர் கொடுத்திருந்த ஆய்வக அறிக்கையை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தோம். பி.எச்., கடினத்தன்மை, டிடிஎஸ். கிருமிப் பரிசோதனை என்று ஒரு வரிகூட இல்லை.

நாங்களே மாதிரி அனுப்பினோம். வீட்டு பாட்டிலில் பிடிக்கக் கூடாது. ஆய்வகமே கிருமி நீக்கிய புட்டி தரும், ஐஸில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். 100 மில்லியில் ஈ.கோலி (மலம் கலந்ததைக் காட்டும் கிருமி) ஒன்றுகூட இருக்கக் கூடாது. பழைய குழாயில் இல்லை. புது இயந்திரத்தின் சேமிப்புத் தொட்டியில் இருந்தது! உள்ளே இருக்கும் கரி வடிகட்டி குளோரினை எடுத்துவிடுகிறது, அதற்குப் பிறகு தொட்டியில் தேங்கும் தண்ணீருக்குக் காவலே இல்லை. தொட்டி மூடியும் சரியாகப் பொருந்தவில்லை. மேலே எலிப் புழுக்கை, உள்சுவரில் விரல் வைத்தால் வழுக்கியது.

விற்றவர் இப்போது போனை எடுப்பதில்லை. நாங்கள் பழைய குழாய்க்கே திரும்பிவிட்டோம்.

உங்கள் பக்கம் அந்தப் பெட்டி வந்தால், அவருடைய ஆர்ஓ தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுவிட்டு மறுபடி கம்பியை இறக்கச் சொல்லுங்கள். (வீட்டில் நீங்களே செய்யாதீர்கள், ஷாக் அடிக்கும்.) எலக்ட்ரீஷியனை வைத்து எல்லோர் முன்னாலும் செய்து பார்த்தோம். அதே சகதி. அக்கா ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார்.