ஆன்டிபாடியின் சர்க்கரையை அளக்க எந்த முறை?

கோவிட் போன்ற சுவாசத் தொற்றுகளில் ஐஜிஜி வகை ஆன்டிபாடியின் (நோய் எதிர்ப்புப் புரதம்) 297-ஆம் அமினோ அமிலத்தில் ஒட்டியுள்ள சர்க்கரைச் சங்கிலி மாறுகிறது. அதை அளக்க இரண்டு வழிகள்.

செலவு: சர்க்கரையைக் கழற்றி, ஒளிரும் சாயமேற்றி, குரோமட்டோகிராபியில் (கலவையைக் கூறுகளாகப் பிரிக்கும் முறை) பிரிப்பது மலிவு. சர்க்கரையைக் கழற்றாமல் புரதத் துண்டோடு சேர்த்தே அளக்கும் கிளைக்கோபெப்டைடு முறைக்கு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் (மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் கருவி) வேண்டும், கருவியே பெருஞ்செலவு.

எளிமை: முதலாவதுதான்.

துல்லியம்: இங்கேதான் பெரிய வித்தியாசம். கழற்றிவிட்டால் சர்க்கரை ஐஜிஜியின் எந்தத் துணைவகையிலிருந்து வந்தது, ஐஜிஜி1-இலிருந்தா, ஐஜிஜி2-இலிருந்தா என்று தெரியாது. கடுமையான கோவிட் நோயாளிகளிடம் ஃபியூகோஸ் (சங்கிலியில் உள்ள ஒரு சர்க்கரை) குறைந்தது, வைரஸின் மேற்பரப்பிலுள்ள ஸ்பைக் புரதத்தைப் பிடிக்கும் ஐஜிஜி1-இல். மொத்த ஐஜிஜியில் அது மறைந்துபோகும். ஃபியூகோஸ் இல்லாத ஆன்டிபாடி நோய் எதிர்ப்பு செல்களிலுள்ள சிடி16 ஏற்பியை இறுகப் பற்றி அழற்சியைக் கூட்டுவதால், இதைத் தவறவிடவே கூடாது.

நிறைய பேரிடம் கேலக்டோஸ், சியாலிக் அமிலம் (சங்கிலியின் வேறு இரு சர்க்கரைகள்) ஆகியவற்றின் பொதுப்போக்கைப் பார்க்க முதல் முறை போதும். வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடிதான் இலக்கென்றால் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரே சரி. அதுவும் ஸ்பைக் புரதத்தால் அந்த ஆன்டிபாடிகளைப் பிரித்தெடுத்த பிறகு.