மேகம் கலையும்வரை காத்திருந்த வேன்: ஸ்காட்லாந்து ஒளிப்படப் பயணச் சேவை பற்றிய மதிப்புரை

அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று ஸ்காட்லாந்தின் மேற்குக் கரை மலைகளில் மோதி, மேலெழும்பிக் குளிர்வதால், ஒரு பள்ளத்தாக்கில் மழை கொட்டிக்கொண்டிருக்கும் வேளையிலேயே அடுத்த பள்ளத்தாக்கில் வெயில் அடிக்கும். எனவே, எடின்பரோவிலிருந்து க்ளென்கோ பள்ளத்தாக்கு வழியாக ஸ்கை தீவுவரை சிறு குழுக்களை வேனில் அழைத்துச் செல்லும் இந்தச் சேவையை மதிப்பிட, வானம் மாறியபோது அவர்கள் என்ன செய்தார்கள் என்பதையே அளவுகோலாகக் கொண்டேன்.

அந்த அளவுகோலில் வழிகாட்டிக்கு முழு மதிப்பெண் தரலாம். க்ளென்கோவின் வாசலில் நிற்கும் புவாக்கில் எடிவ் மோர் 1,021 மீட்டர் உயரமுள்ள மலை. நாங்கள் சென்றபோது அதன் அடிவாரத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. வேறு வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. எங்கள் வழிகாட்டியோ, மேற்கே அடிவானத்தில் வெளுத்திருந்த கீற்றைக் காட்டி, மழைமேகக் கூட்டம் கடந்தவுடன் கழுவிய காற்றில் சாய்வெயில் விழும் என்றும், கருமேகம் மலைக்குப் பின்னால் அப்படியே நிற்கும் என்றும் சொல்லி, வேனிலேயே காத்திருக்கச் செய்தார். சொன்னபடியே நடந்தது. வானவில் சூரியனுக்கு எதிர்த்திசையில்தான் தோன்றும் என்பதால், வெயில் வருமுன்னரே அதற்கு முதுகு காட்டி கேமரா முக்காலிகளை நிறுத்த வைத்திருந்தார். அந்த முன்யோசனை இல்லாதிருந்தால் சில நிமிடங்களே நீடித்த அந்த ஒளி கைநழுவியிருக்கும். மழை நிற்காத நேரத்திலும் அவர் எங்களைச் சும்மா இருக்க விடவில்லை. லென்ஸில் மாட்டும் போலரைசர் வடிகட்டியைத் திருப்பி ஈரப் பாறைகளின் மினுமினுப்பைக் குறைத்தால், காய்ந்த பெரணிச்செடிகளின் துருநிறம் எவ்வளவு ஆழமாகிறது என்பதை ஓடைக்கரையில் காட்டினார்.

குறை அலுவலகத்தின் திட்டமிடலில் இருக்கிறது. 1901இல் திறக்கப்பட்ட, 21 வளைவுகள் கொண்ட கிளென்ஃபினன் ரயில் பாலத்தில் நீராவி ரயிலைப் படமெடுப்பது பயண நிரலில் மாற்ற முடியாத அம்சமாக அச்சிடப்பட்டிருந்தது. ரயில் தன் நேரத்துக்குத்தான் வரும். ஒளி அந்த நேரத்துக்கு வர வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. தட்டையான சாம்பல் வானத்தின் கீழ், பெருங்கூட்டத்தில் தோளோடு தோள் உரசி எடுத்த அந்தப் படத்துக்காக, மூன்று நீர்நிலைகள் சந்திக்கும் இடத்திலுள்ள எலன் டோனன் கோட்டையில் மாலை வெயிலை இழந்தோம். அன்று நிரலைப் புரட்டிப்போட வழிகாட்டி விரும்பினார், ஆனால் அவருக்கு அந்த அதிகாரம் தரப்படவில்லை. வானிலைக்கேற்ப வளையும் பயணம் என்று விளம்பரம் செய்பவர்கள் இதை முதலில் சரிசெய்ய வேண்டும்.

ஸ்கை தீவில் வண்டி ஓட்டியவிதம் பாராட்டுக்குரியது. க்விராங் மலைப்பகுதிக்குப் போகும் சாலை ஒற்றைத்தடம். எதிரே வண்டி வந்தால் ஓரத்திலுள்ள ஒதுங்குமிடத்தில் நின்று வழிவிட வேண்டும். அந்த ஒதுங்குமிடங்களிலேயே காரை நிறுத்திவிட்டுப் படமெடுக்கப் போகிறவர்களைப் பார்த்து எரிச்சலடைந்த எனக்கு, எவ்வளவு தூரம் நடக்க நேர்ந்தாலும் உரிய நிறுத்துமிடத்தில் மட்டுமே வேனை விட்ட இந்த ஓட்டுநர் மீது மரியாதை கூடியது. அவர்கள் இரவல் தந்த முக்காலிகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. நீஸ்ட் முனைக் கலங்கரை விளக்கத்தருகே வீசிய காற்றில் அந்த எடை குறைந்த கால்கள் நடுங்கின. பையைத் தொங்கவிட்டுக் கனம் சேர்க்க நடுத்தண்டில் ஒரு கொக்கிகூட இல்லை. சொந்த முக்காலியும், லென்ஸைத் துடைக்க உலர்ந்த மைக்ரோஃபைபர் துணிகள் பலவும் கொண்டுபோவது நல்லது. குடை அங்கே எதற்கும் உதவாது.

பருவத்தைப் பொறுத்தவரை இலையுதிர்காலப் பயணத்தையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். ஜூனில் இரவு 10 மணிக்குப் பிறகே சூரியன் மறைந்து, அதிகாலை 4.30 மணியளவில் மீண்டும் எழுவதால் தூக்கம் கெடும். போதாக்குறைக்கு, காற்று நின்றால் மிட்ஜ் பூச்சிகள் மொய்த்துக் கடிக்கும். டிசம்பர் பிற்பகுதியில் நண்பகலிலும் சூரியன் சுமார் 10 பாகைக்கு மேல் ஏறாததால் நாள் முழுதும் சாய்ந்த ஒளி கிடைக்கும் என்றாலும், பகல் ஏழு மணி நேரம்கூட நீடிப்பதில்லை. எந்த மாதத்தில் போவதானாலும், பணம் கட்டுமுன், நிரலின் வரிசையை மாற்றும் உரிமை வழிகாட்டிக்கு உண்டா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.