பெரிய ஸ்டூடியோவா, தனி போட்டோகிராபரா? கல்யாணப் படத்துக்கு யாரை அமர்த்தலாம்

எங்கள் கல்யாணத்துக்கு நான்கு மாதம் இருக்கும்போது கையில் இரண்டு கொட்டேஷன் இருந்தன. ஒன்று பெரிய ஸ்டூடியோ கொடுத்தது: மூன்று கேமரா, வீடியோ, அச்சிட்ட ஆல்பம் எல்லாம் சேர்த்து. இன்னொன்று தனியாகத் தொழில் செய்யும் ஒரு பெண் போட்டோகிராபர் கொடுத்தது: அவரும் ஓர் உதவியாளரும் வருவார்கள், படம் மட்டும்தான், வீடியோ கிடையாது. இரண்டு தொகைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். கல்யாணம் முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் தேர்ந்தெடுப்பேன். அதனால் இந்த அலசல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தேதி காலியாக இருக்கிறதா, போன் செய்தால் ஒழுங்காகப் பதில் வருகிறதா, தொகை நம் கைக்கு அடங்குமா என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே பார்ப்பதுதான். மூன்றாவதாக, நல்ல கேமரா வைத்திருக்கும் நண்பரையே எடுக்கச் சொல்லலாமே என்ற யோசனை எங்கள் வீட்டிலும் வந்தது. நண்பர் அன்றைக்கு நம்மோடு இருக்க வேண்டியவர். அவரை வேலை வாங்கினால் படமும் அரைகுறையாகும், அவரால் நம் கல்யாணத்தை அனுபவிக்கவும் முடியாமல் போகும். அந்தப் பேச்சை அதோடு விட்டோம்.

ஸ்டூடியோவின் பலம் ஆள் பலம். மணமகளும் மணமகனும் வெவ்வேறு இடத்தில் தயாராகும் அதே நேரத்தில் இரண்டு பக்கமும் கேமரா இருக்கும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருவரை அனுப்புவார்கள். வீடியோ, ட்ரோன், ஆல்பம் அச்சு என்று ஒவ்வொன்றுக்கும் நாம் தனியாக அலைய வேண்டாம். நேரில் போய்க் கேட்க ஓர் அலுவலகம் இருக்கிறது. பெரிய கூட்டம், பல நாள் நிகழ்ச்சி, பல இடம் என்றால் இந்த வசதிகள் உண்மையாகவே தேவைப்படும்.

ஆனால் எங்கள் முடிவு வேறோர் இடத்தில் தீர்மானமானது. எடுத்த படங்களில் எது நம் கைக்கு வர வேண்டும், எதைக் கழித்துவிட வேண்டும் என்று முடிவு செய்பவர் யார்? இந்தக் கேள்வியைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன்.

ஒரு முழு நாள் கல்யாணத்தில் ஆயிரக்கணக்கான முறை ஷட்டர் விழும். எங்களுடையதில் உதவியாளர் எடுத்ததையும் சேர்த்து 3,000க்கு மேல். எங்கள் கைக்கு வந்தவை 612. மீதி எல்லாம் ஒரே நொடியின் நான்கு நகல்கள், கண் மூடியவை, யாரோ குறுக்கே வந்தவை. இந்தக் கழிப்பு இல்லாமல் எந்தக் கல்யாணத் தொகுப்பும் இல்லை. பல பெரிய ஸ்டூடியோக்களில் எடுப்பவர் மெமரி கார்டைக் கொடுத்துவிட்டு அடுத்த கல்யாணத்துக்குப் போய்விடுவார். தேர்வு செய்து நிறத்தைச் சரிசெய்பவர் எடிட்டிங் மேசையில் இருக்கும் வேறொருவர். அவர் அந்த மண்டபத்துக்கு வந்தவர் இல்லை. மூன்றாவது வரிசையில் இருக்கும் முதியவர் யார், ஓரத்தில் நிற்கும் பெண் யார் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. அவர் பார்ப்பது கூர்மை, வெளிச்சம், ஃபிரேம். அவருடைய வேலைக்கு அது சரியான அளவுகோல்தான்.

என் அக்காவின் கல்யாணத்துக்கு ஒரு ஸ்டூடியோவை அமர்த்தியிருந்தோம். வந்த படங்கள் 900க்கு மேல், எல்லாம் பளிச்சென்று இருந்தன. எங்கள் பாட்டி அன்று முழுவதும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்த 900இல் அவர் முகம் தெரியும் தனிப்படம் ஒன்றே ஒன்று, அதிலும் கண் பாதி மூடியிருக்கும். அக்கா மேடையிலிருந்து இறங்கி வந்து பாட்டியின் கையைப் பிடித்தபோது கேமரா பக்கத்தில்தான் இருந்தது, நானே பார்த்தேன். அந்தப் படம் லேசாக ஆடியிருக்கலாம், கழிந்திருக்கும். அடுத்த வருடம் பாட்டி இறந்த பிறகு ஸ்டூடியோவைக் கேட்டோம். ஒப்படைத்து ஆறு மாதம் ஆனால் மூல ஃபைல்களை அழித்துவிடுவோம் என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் அது ஒரு வரியாக இருந்தது, நாங்கள்தான் படிக்கவில்லை. ஆனால் அந்த இடத்தில் இருந்த ஒருவர் தேர்வு செய்திருந்தால், ஆடிய படமாக இருந்தாலும் அதை வைத்திருப்பார் என்று இன்றும் நம்புகிறேன்.

அதனால்தான் எங்கள் கல்யாணத்துக்கு விசாரித்தபோது இரண்டு பேரிடமும் முதலில் கேட்டது இதுதான்: "எங்கள் படங்களை யார் தேர்ந்தெடுப்பார்கள்?" ஸ்டூடியோவில் "எங்கள் டீம் பார்த்துக்கொள்ளும்" என்றார்கள். தனி போட்டோகிராபர், "நான்தான், கல்யாணம் முடிந்த மூன்று நாளைக்குள் உட்கார்ந்துவிடுவேன், நாளானால் யார் யார் என்பது மறந்துபோகும்" என்றார். அப்புறம் அவரே ஒரு தாள் கேட்டார். வீட்டு முதியவர்கள், நெடுநாள் கழித்து வருபவர்கள், ஒருவரோடு ஒருவர் பேசாதவர்கள் என்று மூன்று பட்டியல். எங்கள் தாத்தாவின் பெயர் முதல் பட்டியலில் இருந்தது. 612 படங்களில் தாத்தா 19இல் இருக்கிறார். அவற்றில் இரண்டு போட்டோகிராபி கணக்குப்படி சுமாரானவை. எனக்கு அந்த இரண்டுதான் மிகவும் பிடித்தவை.

ஸ்டூடியோக்களிலும் எடுத்தவரே தேர்வு செய்யும் இடங்கள் இருக்கின்றன. தனியாகத் தொழில் செய்பவர்களிலும் எடிட்டிங்கை வெளியே கொடுப்பவர்கள் உண்டு, அதுவும் சீசன் நேரத்தில். பெயர்ப்பலகையைப் பார்த்து முடிவு செய்யாமல் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கூடவே இன்னொரு கேள்வி: "இந்த ஆல்பத்தில் இருக்கும் படங்களை எடுத்தவர்தான் எங்களுக்கும் வருவாரா?" ஸ்டூடியோவில் நமக்குக் காட்டும் படம் ஒருவர் எடுத்தது, அன்று வரும் ஆள் வேறொருவர் என்பது அடிக்கடி நடக்கிறது. வருபவரின் பெயரை ஒப்பந்தத்தில் எழுதித் தரத் தயங்கினால் அதை ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளலாம்.

இனி படத்தின் தரம். இணையத்தில் போட்டிருக்கும் தேர்ந்த இருபது படங்களை வைத்து யாரையும் எடைபோட முடியாது. அவை இருபது கல்யாணங்களிலிருந்து பொறுக்கியவையாக இருக்கும். ஒரே கல்யாணத்தின் முழுத் தொகுப்பையும் காட்டச் சொல்லுங்கள், முடிந்தால் உங்கள் மண்டபத்தைப் போலவே வெளிச்சம் குறைந்த இடத்தில் எடுத்தது. நாங்கள் நடுவில் இருக்கும் இருநூறு படங்களைத்தான் உற்றுப் பார்த்தோம். தொடக்கமும் முடிவும் யாருக்கும் நன்றாகவே வரும். இரண்டு வரிசையாக நிற்கும் குடும்பப் படத்தில் பின்வரிசை ஓரத்து முகங்கள் கூர்மையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பின்னணி மங்கலாக வர வேண்டும் என்று எஃப் 1.4, எஃப் 1.8 என்று (எண் சிறியதானால் லென்ஸின் துவாரம் பெரியது) லென்ஸைத் திறந்து வைத்தே பழகியவர்கள் குழுப் படத்தையும் அப்படியே எடுத்து, பின்வரிசையை மங்கலாக்கிவிடுவார்கள். குழுவுக்கு எஃப் 5.6 பக்கம் மூட வேண்டும். அடுத்தது தோலின் நிறம். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள்: மண்டபத்து மஞ்சள் பல்பு ஏறக்குறைய 3,000 கெல்வின், ஜன்னல் வழியாக வரும் பகல் வெளிச்சம் 5,500 கெல்வின். இரண்டும் ஒரே முகத்தில் விழும்போது பாதி ஆரஞ்சு, பாதி நீலம் ஆகும். ஒருவரின் கைத்திறன் அங்கே தெரிந்துவிடும்.

ரா ஃபைலாக, அதாவது கேமராவின் சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ஃபைலாக, எடுக்கிறார்களா என்றும் கேளுங்கள். கேமராவே சுருக்கித் தரும் வழக்கமான ஜேபெக் ஃபைல் ஒவ்வொரு நிறத்துக்கும் 8 பிட்தான் வைக்கும், அதாவது வெளிச்சத்தில் 256 படிகள். 14 பிட் ரா ஃபைலில் 16,384 படிகள். இருட்டில் கிடக்கும் முகத்தைப் பின்னால் தூக்கியெடுக்கவும், மஞ்சள் நிறத்தைக் குறைக்கவும் ஃபைலில் இடம் இருப்பது இதனால்தான்.

சரி, தனி ஆளை அமர்த்துவதில் இருக்கும் பயத்துக்கு வருகிறேன். எனக்கும் அது இருந்தது. அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால்? கேமரா நின்றுபோனால்? முதல் கேள்விக்கு அவர் சொன்ன பதில், தன்னைப் போலவே தொழில் செய்யும் இரண்டு பேரோடு ஒருவருக்கொருவர் மாற்றாகப் போகும் ஏற்பாடு இருக்கிறது என்பது. அந்த இருவர் எடுத்த படங்களையும் காட்டினார், பெயர்களை ஒப்பந்தத்தில் எழுதினோம். அந்த ஏற்பாட்டைப் பயன்படுத்தும் நிலை எங்களுக்கு வரவில்லை. அதனால் நடைமுறையில் அது எவ்வளவு கைகொடுக்கும் என்று அனுபவத்திலிருந்து என்னால் சொல்ல முடியாது. இந்த ஒரு விஷயத்தில் ஸ்டூடியோதான் பாதுகாப்பானது என்று ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது கேள்விக்கு விடை கேமராவுக்குள்ளேயே இருக்கிறது. மெமரி கார்டு கெட்டுப்போவது அரிதாக நடந்தாலும் கல்யாணத்தை மறுபடி நடத்த முடியாது. தொழில்முறைக் கேமராக்களில் இரண்டு கார்டு இடங்கள் இருப்பது அதற்காகத்தான். 2012இல் வந்த கேனான் 5டி மார்க் 3இல் இரண்டு இருந்தன. 2018இல் வந்த கேனான் ஈஓஎஸ் ஆர், நிக்கான் இசட் 6 இரண்டிலும் ஒன்றே ஒன்று. கல்யாணம் எடுப்பவர்கள் அதைப் பெரிய குறையாகச் சொன்னார்கள். 2020இல் வந்த ஆர் 6, இசட் 6 இரண்டாம் பதிப்பு ஆகியவற்றில் இரண்டு இடங்கள் வந்துவிட்டன. ஆனால் இரண்டு கார்டு இருந்தால் மட்டும் போதாது. முதல் கார்டு நிறைந்த பிறகு இரண்டாவதுக்குப் போகும்படியும் வைக்கலாம், இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதும்படியும் வைக்கலாம். "ஒவ்வொரு படமும் ரெண்டு கார்டிலும் பதிவாகிறதா?" என்று கேளுங்கள். வீட்டுக்குப் போனதும் எத்தனை இடத்தில் நகல் எடுக்கிறார் என்றும் கேளுங்கள். எங்கள் போட்டோகிராபர் அன்றிரவே இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, மூன்றாவது நகலை ஆன்லைனில் வைத்தார். நம் கைக்கு வந்து நாமும் நகல் எடுத்துவிட்டோம் என்று எழுதிக் கொடுக்கும்வரை கார்டை அழிக்க மாட்டேன் என்றார். இதே கேள்வியை அந்த ஸ்டூடியோவில் கேட்டபோது பேசிக்கொண்டிருந்தவருக்குத் தெரியவில்லை, உள்ளே போய்க் கேட்டு வந்தார். பதில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நாம் பேசுபவரும் எடுப்பவரும் வேறு வேறு ஆட்கள் என்பது எனக்கு மறுபடியும் உறைத்தது.

ஒப்பந்தத்தில் நேரம், படங்களின் குறைந்தபட்ச எண்ணிக்கை, கொடுக்கும் தேதி, தவணை, ரத்தானால் அட்வான்ஸ் என்ன ஆகும் என்பதெல்லாம் பொதுவாக இருக்கும். பலர் விட்டுவிடுவது இரண்டு. மூல ஃபைல்களை எத்தனை மாதம் வைத்திருப்பார்கள் என்பது ஒன்று; எங்கள் வீட்டில் அது எவ்வளவு வலித்தது என்று மேலே சொல்லிவிட்டேன். நாங்கள் ஒரு வருடம் என்று எழுதச் சொன்னோம். மற்றொன்று பதிப்புரிமை. இது நாட்டுக்கு நாடு மாறுகிறது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் உரிமை எடுத்தவருக்கு. எந்த ஊராக இருந்தாலும், நம் படங்களைத் தங்கள் விளம்பரத்துக்குப் போடலாமா கூடாதா என்பதை எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது. நாங்கள் குழந்தைகள் இருக்கும் படங்களைப் போட வேண்டாம் என்றோம், அவர் உடனே ஒத்துக்கொண்டார்.

வீடியோவைப் பற்றி நான் அதிகம் பேசக் கூடாது, நாங்கள் எடுக்கவே இல்லை. அக்காவின் கல்யாண வீடியோவில் பாட்டியின் குரல் சில வினாடிகள் கேட்கும். அதை நினைக்கும்போது, எங்களுக்கும் யாராவது எடுத்திருக்கலாமோ என்று சில நாள் தோன்றும். வீடியோ கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு ஸ்டூடியோவின் பக்கம் கனம் கூடும். தனித்தனியாக அமர்த்தினால் இரண்டு தரப்பும் ஒருவரை ஒருவர் மறைத்துக்கொண்டு நிற்காமல் முன்கூட்டியே பேசவைக்கும் பொறுப்பு நம்முடையதாகிவிடும். எங்கள் கூட்டமும் சிறியது, இருநூறு பேருக்குள், ஒரே மண்டபம், ஒரே நாள். ஆயிரம் பேர் வரும் கல்யாணத்தில் ஒருவரும் உதவியாளரும் சமாளிப்பார்களா என்பதற்கு என் அனுபவம் சாட்சி ஆகாது.

ஆல்பமும் இன்னும் அச்சாகவில்லை. ஸ்டூடியோவை அமர்த்தியிருந்தால் இந்நேரம் அலமாரியில் இருந்திருக்கும். எங்களவர் அச்சுக்கு எண்பது படங்கள் பொறுக்கித் தரச் சொல்லியிருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை தாத்தாவையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்து 140 வரைக்கும் குறைத்தோம். அவர் இருக்கும் 19 படங்களில் எதையும் எடுக்க அவர் விடவில்லை, நாங்களும் கேட்கவில்லை.