ஆல்பெண்டசோல் 400: எலும்பில் ஹைடாடிட் கட்டி என்றால் இந்த மாத்திரையை எவ்வளவு நம்பலாம்?

குடற்புழு நீக்க நாளில் பள்ளிக்கூடத்தில் மென்று தின்னக் கொடுக்கிறார்களே, அதே மாத்திரைதான். வயிற்றுப் புழுவுக்கு இதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இங்கே பார்ப்பது வேறு வேலை: எலும்புக்குள் குடியேறிய ஹைடாடிட் கட்டி, அதாவது நாய் நாடாப்புழுவின் குட்டிப்புழு நீர்ப்பையாக வளர்வது. கணிப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆபரேஷனுக்குத் துணையாக அருமையான மாத்திரை. தனியாக இதை மட்டும் நம்பினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான்.

காரணம் எலும்பில் இருக்கிறது. ஈரலில் இந்தப் புழு ஒரே பையாக வளரும், உடம்பு அதைச் சுற்றித் தடித்த உறை கட்டிவிடும். எலும்பில் அந்த உறை கிடையாது. பொடிப்பொடிக் கொப்புளங்களாக எலும்பின் இண்டு இடுக்கெல்லாம் நுழைந்து, வருடக்கணக்கில் வலி கூட இல்லாமல் அரிக்கும். மருந்து எல்லாக் கொப்புளத்தையும் எட்டாது. ஹைடாடிட் நோயாளிகளில் எலும்பு பாதிக்கப்படுவோர் 0.5 முதல் 4 சதவீதம்தான். அதில் ஏறத்தாழ பாதி முதுகெலும்பு. அடுத்து இடுப்பு, தொடை எலும்பு.

மாத்திரை வாங்கும் முன் நோய் இதுதானா என்று உறுதியாக வேண்டும். வடசென்னையில், வியாசர்பாடியிலோ ராயபுரத்திலோ, முதுகெலும்பு அரித்திருக்கிறது என்றால் டாக்டரின் முதல் சந்தேகம் டிபி. அது நியாயமும் கூட, பெரும்பாலும் அதுதான் சரியாக இருக்கும். ஆனால் எம்ஆர்ஐயில் திராட்சைக் கொத்து மாதிரி நீர்ப்பைகள், டி2 படத்தில் (நீர் வெள்ளையாகத் தெரியும் எம்ஆர்ஐ படம்) பளிச்சென்று, கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றியும் பெரிதாக ஒளிராமல், முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு (டிஸ்க்) ஓரளவு அப்படியே இருந்தால், டிபி மாத்திரையைத் தொடங்கிவிட்டுக் காத்திருப்பது தப்பு. எக்ஸ்ரேயில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும், ஓரத்தில் புது எலும்பு கட்டியிருக்காது. இதே படத்தைப் பார்த்து எலும்புப் புற்று என்றும் ஜெயன்ட் செல் கட்டி (எலும்பை அரிக்கும் இன்னொரு வகைக் கட்டி) என்றும் போவதுண்டு.

புழுவுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப்பொருளைத் தேடும் எலிசா ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்றால் நிம்மதி அடைய வேண்டாம். எலும்பு நோயில் அது அடிக்கடி ஏமாற்றும். பாசிட்டிவ் என்றாலும் மூளைப் புழுக்கட்டி உள்ளவர்களுக்குக் குழப்பமாக வரலாம். புழு நோயில் கூடும் வெள்ளணுவான ஈசினோஃபில் எண்ணிக்கை பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். வயிற்று ஸ்கேனும் மார்பு எக்ஸ்ரேயும் கட்டாயம், ஏனென்றால் ஈரலில் இன்னொரு கட்டி கிடைத்தால் பாதிக் கேள்வி தீர்ந்துவிடும். ஊசி போட்டுத் திசு எடுப்பதானால் சந்தேகத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: நீர் கசிந்தால் கடும் ஒவ்வாமை வரலாம், கட்டி பரவவும் செய்யும். அட்ரினலின் தயாராக இருக்க வேண்டும். எடுத்த திசுவை பிஏஎஸ் என்ற சாயம் ஏற்றிப் பார்க்கையில் அடுக்கடுக்கான சவ்வும், புழுத்தலையின் கொக்கிகளும் தெரிந்தால் முடிவு உறுதி.

இனி அளவு. 60 கிலோவும் அதற்கு மேலும் என்றால் 400 மில்லிகிராம், காலை மாலை. அதற்குக் கீழே கிலோவுக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம், இரண்டாகப் பிரித்து, 800ஐத் தாண்டாமல். 45 கிலோ ஆளுக்கு 675 வரும். 5 மில்லியில் 200 இருக்கும் சிரப் என்றால் வேளைக்கு எட்டரை மில்லி. பழைய முறை 28 நாள் மருந்து, 14 நாள் ஓய்வு. இப்போது பலர் இடைவெளி இல்லாமலே தருகிறார்கள், எலும்பு நோய்க்கு மாதக்கணக்கில்.

இந்த மாத்திரையின் பெரிய பலவீனம் உறிஞ்சப்படுவது. வெறும் வயிற்றில் போட்டால் குடலிலேயே தங்கிவிடும். குடற்புழுவுக்கு அது லாபம், எலும்புக்கு நஷ்டம். 40 கிராம் அளவு கொழுப்புள்ள சாப்பாட்டோடு போட்டால் ரத்தத்தில் ஐந்து மடங்கு வரை ஏறும். இட்லி, சாம்பார் போதாது. அதோடு பொடிக்கு இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் (27 கிராம்), ஆவின் ஆரஞ்சுப் பால் 250 மில்லி (15 கிராம்) சேர்த்தால் கணக்கு முடிந்தது. இதய நோயாளிகள் இந்த எண்ணெய்க் கணக்கை டாக்டரிடம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். வலிப்புக்கு ஃபெனிடாயின், கார்பமசெபின் சாப்பிடுவோருக்கு மருந்தின் அளவு ரத்தத்தில் குறையும், அதையும் சொல்ல வேண்டும்.

பக்கவிளைவு விஷயத்தில் ஒற்றை மாத்திரையின் நல்ல பெயர் இங்கே செல்லாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஈரல் பரிசோதனையும் ரத்த அணு எண்ணிக்கையும் பார்க்க வேண்டும். வெள்ளணு சரிந்தாலோ ஈரல் நொதி எகிறினாலோ டாக்டர் நிறுத்துவார். முடி கொட்டினால் திரும்ப வளரும், பயப்பட வேண்டாம். கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்த பிறகே தொடங்கலாம்.

ஆபரேஷன் இல்லாமல் நீண்டகால வெற்றி அபூர்வம். புற்றுக்கட்டியை எடுப்பதுபோல ஓரம் விட்டு எடுப்பதே நல்லது. முதுகெலும்பில் அதற்கு இடமே இருக்காது, அதனால் திரும்ப வருவதும் அங்கேதான் அதிகம். புழுவைக் கொல்ல 20 சதவீத உப்புநீரில் கழுவுவார்கள், தண்டுவட உறைக்கு அருகில் அது ஆபத்து. மாத்திரையை ஆபரேஷனுக்கு முன்பே தொடங்கிப் பின்னும் தொடர வேண்டும். எம்ஆர்ஐ எடுத்துக் கண்காணிப்பதும் வருடக்கணக்கில்.

மட்டனை விட்டுவிட வேண்டுமா என்று கேட்பார்கள். தேவையில்லை. ஆட்டின் ஈரல், நுரையீரல் கட்டியைத் தின்ற நாயின் மலத்தில் வரும் முட்டைதான் மனிதனுக்குத் தொற்றுகிறது.

வாங்கும்போது ஒரு சிக்கல். ஒற்றை மாத்திரை ஸ்ட்ரிப்பாகவே விற்பதால் 28 நாளுக்கு 56 ஸ்ட்ரிப் வேண்டும். வண்ணாரப்பேட்டையில் தெருமுனை மெடிக்கலில் அவ்வளவு கையிருப்பு இருக்காது. நாலு நாள் முன்பே ஆர்டர் சொல்லி, ஒரே பேட்ச் கேட்கலாம். சென்னை ஸ்டான்லி மாதிரி அரசு ஆஸ்பத்திரியில் பார்ப்பவர்கள் முதலில் அங்குள்ள மருந்தகத்தில் சீட்டைக் காட்டட்டும். 'ஸ்டாக் இல்லை, இதுவும் அதேதான்' என்று ஐவர்மெக்டின் என்ற வேறு புழு மருந்து கலந்த மாத்திரையை நீட்டினால் வாங்காதீர்கள். அட்டையில் ஆல்பெண்டசோல் 400 என்ற ஒரே பெயர்தான் இருக்க வேண்டும்.